கிரானைட் மேடைக்கு ஆசிட் எதுக்குங்க? கேள்விகளும் என் பதில்களும்

வணக்கமுங்க. பெருந்துறை, ஈரோடு, திருப்பூர் பக்கம் இருபத்திரண்டு வருசமாகக் கல் பதிப்பதும் பாலிஷ் போடுவதும்தான் என் தொழில். வீட்டுக் கிரானைட் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கோபியிலிருந்து ஓர் அக்கா: சமையல் மேடையைத் தினமும் எதைப் போட்டுத் துடைப்பது?

ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விடுங்கள், போதும். பருத்தித் துணியை அதில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். அப்புறம் வெறும் தண்ணீர்த் துணி, கடைசியில் காய்ந்த துணி. மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். சோப்பு அதிகமானால் படலமாகப் படிந்து கல் மங்கலாகத் தெரியும். "பாலிஷ் போயிடுச்சு" என்று கூப்பிட்ட பல வீடுகளில் நான் செய்தது, வெந்நீரில் நாலு தடவை துடைத்துக் கொடுத்ததுதான். பச்சை ஸ்க்ரப்பர், கம்பி நார், பாத்திரம் தேய்க்கும் பவுடர் எதுவும் வேண்டாம். கம்பி நார்த் துணுக்கு ஈரத்தில் கிடந்தால் துருக்கறை வேறு வந்து சேரும்.

பல்லடம்: குழாயைச் சுற்றி வெள்ளையாகக் கெட்டித்துப் போயிருக்கிறது. தேய்த்தால் போகவில்லை.

போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு அது. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் இந்தத் தொந்தரவு குறைவு. நமக்கெல்லாம் உப்புத்தண்ணிதானே. புது பிளேடு ஒன்றை எடுத்து, கல்லோடு ஒட்டினாற்போல் படுக்க வைத்து, ஒரே திசையில் மெதுவாகச் சுரண்டுங்கள். கல் ஈரமாக இருக்கட்டும். தோசைக் கரண்டியில் காந்தல் எடுப்பது மாதிரி ஏடு ஏடாக வரும். பிளேடை நிமிர்த்திப் பிடித்தால் கீறல் விழும். எடுத்த பிறகு குழாயின் வாஷரைப் பாருங்கள். சொட்டு நிற்காதவரை வெள்ளை திரும்ப வரும்.

ஈரோடு: வெள்ளைக் கிரானைட்டில் மஞ்சள் கறை. சோடா உப்பு போட்டுத் தேய்த்தேன், சிவப்பாகிவிட்டது!

பயப்படாதீங்க அம்மணி, கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதேதான் இது. சோடா உப்பும் சோப்புத்தூளும் காரம். மஞ்சளில் பட்டால் நிறம் மாறும். முதலில் நல்ல தண்ணீரில் கழுவி விடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். கையுறை போட்டுக்கொண்டு பஞ்சை அதில் நனைத்துக் கறைமேல் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி நாலைந்து மணி நேரம் விடுங்கள். மேடையில் வெயில் விழுமானால் இன்னும் நல்லது, மஞ்சளின் சாயம் வெயிலில் தானாகவே வெளுக்கும். கறுப்புக் கல்லில் இதைச் செய்வதாக இருந்தால், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

காங்கேயம், பவானி, இன்னும் மூன்று பேர்: அடுப்புக்குப் பக்கத்திலும் பூஜையறையிலும் எண்ணெய் இறங்கிக் கறுத்துவிட்டது.

கிரானைட்டைக் கண்ணாடி மாதிரி நினைத்துவிடுகிறோம். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. விளக்கிலிருந்து ஒழுகும் நல்லெண்ணெய் மெதுவாக உள்ளே இறங்கும். மேலே எத்தனை தேய்த்தாலும் கைதான் வலிக்கும், உள்ளே போனதை இழுத்துத்தான் எடுக்க வேண்டும். எண்ணெய்க்குச் சோடா உப்பு சரியான மருந்து. இட்லி மாவுப் பதத்துக்குத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கறையைத் தாண்டி ஒரு விரல் அகலம் வரும்படி, கால் அங்குல கனத்துக்கு அப்புங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துத் தாளை எடுத்துவிட்டு, மாவு வெடித்துக் காயும்வரை தொடாதீர்கள். காயும்போதுதான் எண்ணெய் மேலே ஏறி வரும். ஒரே தடவையில் போகாது, மூன்று தடவையாவது பொறுமையாகச் செய்ய வேண்டும். விளக்கின் கீழே ஒரு பித்தளைத் தட்டு வைத்துவிட்டால் இந்த வேலையே இல்லை.

அவிநாசி: வாசல்படி வேலை முடிந்ததும் ஆசிட் போட்டுக் கழுவித் தருகிறேன் என்கிறார் கொத்தனார். சரிதானா?

வேண்டவே வேண்டாமுங்க. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் நானே இந்தத் தப்பைச் செய்தேன். வெளிர் நிறப் படிகள். ஓரத்தில் சிமெண்ட் பால் காய்ந்து கிடந்தது. ஆசிட் ஊற்றித் தேய்த்ததும் படிகள் பளிச்சென்று இருந்தன. பத்து நாளில் அங்கங்கே புள்ளி புள்ளியாக மஞ்சளடித்து, மாதம் திரும்புவதற்குள் துருப்பிடித்த தகரம் மாதிரி ஆகிவிட்டன. கல்லுக்குள் இரும்பு கலந்த கனிமங்கள் உண்டு. ஆசிட் அதைக் கிளறிவிட்டால் துரு மேலே வரும். ஆறு படிகளையும் பெயர்த்து என் கைக்காசில் புதுக்கல் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் வேலையிடத்தில் ஆசிட் பாட்டிலே கிடையாது. சிமெண்ட் பாலை ஈரம் காய்வதற்குள் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். காய்ந்துவிட்டால் மரத்துண்டாலும் பிளேடாலும் சுரண்டி எடுக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. டாய்லெட் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. கல் போனால் வேறு கல் போட்டுக்கொள்ளலாம்.

தாராபுரம்: எங்கள் வீட்டு மேடையும் கறுப்புக் கல்தான். எலுமிச்சை பிழிந்த இடமெல்லாம் வெள்ளைத் திட்டு விழுகிறதே?

அது கிரானைட் இல்லை, கடப்பாக்கல்லாக இருக்கும். பழைய வீடுகளில் மேடை, அலமாரித் தட்டு எல்லாம் அதுதான். கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சை, புளி, பொங்கி வழிந்த தோசை மாவு எல்லாமே அதை அரிக்கும். விழுந்த திட்டு கறை அல்ல, அங்கே பாலிஷ் அரித்துப்போயிருக்கிறது. மறுபாலிஷ் போட்டால்தான் போகும்.

சீலர், அதாவது கல்லின் துளைகளை அடைக்கும் பூச்சு, அடிக்க வேண்டுமா என்று எட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

கடைக்காரரைக் கேட்காதீர்கள், கல்லைக் கேளுங்கள். ஒரு ஸ்பூன் தண்ணீரை மேடையில் ஊற்றிப் பதினைந்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். அந்த இடம் நிறம் கறுத்திருந்தால் கல் தண்ணீர் குடிக்கிறது, சீலர் வேண்டும். கறுக்கவில்லை என்றால் காசை மிச்சப்படுத்துங்கள். நெருக்கமான கறுப்புக் கல்லுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. தேவையில்லாமல் அடித்தால் உள்ளே போகாத சீலர் மேலே புகை மாதிரி நிற்கும்.

சென்னிமலை: புதுக் கறுப்பு மேடையைத் துடைத்தால் துணியில் கறுப்பு வருகிறது.

சாயம் ஏற்றிய கல்லாக இருக்கும். நகப்பூச்சு அழிக்கப் பயன்படும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் தொட்டு ஒரு மூலையில் தேயுங்கள். கறுப்பாக வந்தால் சந்தேகமே இல்லை. பில்லோடு போய்க் கடையில் பேசுங்கள். கல் வாங்கும்போதே இதைச் செய்து பார்ப்பது நல்லது.

மொடக்குறிச்சி: சூடான குக்கரை இறக்கி வைக்கலாமா?

சூட்டை கிரானைட் தாங்கும். ஆனால் சிங்க் முன்னால் இருக்கும் குறுகலான பட்டையில் மட்டும் வைக்காதீர்கள், விரிசல் விடும் இடம் அதுதான். ஒரு பிரிமனை போட்டுக்கொண்டால் கவலையில்லை.

கோவையிலிருந்து ஒரு பாட்டி, பேத்தியை விட்டு எழுதச் சொன்னது: கிரைண்டர் கல்லும் கிரானைட்தானே சாமி, அதை எப்படிக் கழுவறது?

ஆமாங்க ஆத்தா, அதுவும் நம்ம ஊர்க் கல்தான். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அதற்கு மட்டும் சோப்பு கூடாது, கல் குடித்துவிடும், அடுத்த மாவில் வாடை வரும். மாவு அள்ளியதும் காய விடாமல் தண்ணீர் ஊற்றி ஒரு சுற்று ஓட விட்டு, தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். மாவு முன்னைப்போல் நைசாக வராவிட்டால் கல் வழவழப்பாகிவிட்டது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் "அம்மி கொத்தலையோ" என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்களே, அதேபோல் இதையும் கொத்த வேண்டும். கொத்தி முடித்த அன்று இரண்டு கைப்பிடி பழைய அரிசியை அரைத்துக் கொட்டிவிட்டு, அப்புறம் இட்லிக்குப் போடுங்க.