ஆச்சியிடம் கேளுங்கள்: பார்த்துக்கொள்கிறவருக்கும் ஒரு கணக்கு

கேள்வி: எனக்குக் கானாடுகாத்தானில் புகுந்த வீடு. கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். நான் காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மகனுக்கு ஐந்து மாதம். பேறுகால விடுப்பு அடுத்த மாதம் முடிகிறது. "நான் பார்த்துக்கிறேன், நீ போயிட்டு வா" என்று மாமியார்தான் முதலில் சொன்னார். இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெத்ததும் ஆபீஸ்தான்" என்கிறார். வேலையை விட்டுவிடலாமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: விட வேண்டாம், ஆத்தா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதிப் பதில் கொஞ்சம் நீளம்.

உங்கள் மாமியார் சொன்ன இரண்டுமே அவர் மனசில் இருப்பதுதான். பேரனைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆசை இருக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒற்றை ஆளாகப் பார்க்க வேண்டுமே என்ற மலைப்பும் இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொன்னால், 'பேரனைப் பார்க்க வலிக்கிறதாக்கும்' என்று ஊர் பேசும். அதனால் அந்த மலைப்பு உங்கள் ஆபீஸ் தலையில் போய் விடிகிறது.

நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் வேறு வைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணமாகிச் சில காலம் போனதும் மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு போட்டு வைத்துவிடுவார்கள். கல்யாணமான ஒரு ஜோடியைத் தனிக் குடும்பமாக எண்ணி, ஒரு புள்ளி என்போம். வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தை, சுற்றி ஆளுக்கொரு அறை. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். விசேஷ நாளில் எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி. மற்ற நாளில் உன் உலை உனக்கு.

என் மாமியார் எனக்கு அரிசி அளந்தது பித்தளைப் படியில். மேலே குவிந்து நிற்பதை ஆள்காட்டி விரலால் ஒரு இழு இழுத்து, தலை தட்டி, "ஒண்ணு... ரெண்டு..." என்று சத்தமாக எண்ணித்தான் போடுவார். எதிர் அறை அண்ணியார் அதைக் கஞ்சத்தனம் என்பார். எனக்கு அதில் ஒரு வசதி தெரிந்தது. அளந்து கொடுத்த அரிசியை அப்புறம் யாரும் குத்திக்காட்ட முடியாது. பிற்பாடு வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தபோதும், எதிரில் நிற்பவர் பார்க்க எண்ணிக் கொடுக்கும் அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

அரிசியை அளந்த நம் வீடுகள் பிள்ளை பார்ப்பதை மட்டும் அளக்கவே இல்லை. 'பார்த்துக்கிறேன்' என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடுவோம். எத்தனை மணியிலிருந்து, எத்தனை மணி வரை? மத்தியானம் அவர் கண்ணயர வேண்டாமா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவாரே, அப்போது யார்? வேலைக்குச் சேருவதற்கு முன்னால் மாமியாரோடு உட்கார்ந்து இதையெல்லாம் பேசுங்கள். மத்தியானத்துக்கு ஒரு உதவி ஆள் வையுங்கள். அந்தச் சம்பளத்தை உங்கள் கணவர் அனுப்பட்டும். ஆள் வைக்கும் விஷயத்தைத் தன் அம்மாவிடம் அவரே சொல்லட்டும். வீடியோ காலில் பிள்ளையைக் கொஞ்சிவிட்டு வைத்துவிடுவது மட்டும் அப்பா வேலை ஆகாது.

"நம்ம வீட்டுப் பெண்கள் வேலை பார்த்ததில்லை" என்று யாராவது பேச்செடுத்தால் இதைக் கேளுங்கள். பர்மா, மலாயா என்று கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போன ஆண்கள் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தானே ஊர் திரும்பினார்கள்? அதுவரை வீடு, வரவு செலவு, பிள்ளைகள், முறைச் சீர் எல்லாம் யார் கையில் இருந்தது? சம்பளம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி பால் விஷயம். எடுத்த பாலை நம் ஊர் வெயிலில் வெளியே வைக்கவே வேண்டாம், உடனே ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு நாளுக்குள் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அடுப்பில் ஏற்றிக் காய்ச்சக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பால் கிண்ணத்தை வைத்தால் போதும். புட்டி தேவையில்லை, பாலாடையே நல்லது. ஆபீஸிலும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. 1961-இல் வந்த சட்டத்தில் 12 வாரமாக இருந்த விடுப்பு, 2017-இல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமானது. உங்களுக்குக் கிடைத்தது அதுதான். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, தினம் இரண்டு முறை பால் கொடுக்க நேரம் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமானால் குழந்தைக் காப்பகமும் வேண்டும். வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: வீட்டில் மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை என்று பலகாரம் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறேன். சொந்தக்காரர்கள் விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். கணவரோ "பொழுதுபோக்குக்குத்தானே" என்கிறார். கையில் ஒன்றும் நிற்கவில்லை.
(வாசகி, தேவகோட்டை)

பதில்: எப்படி நிற்கும்? நீங்கள் அனுப்பிய செலவுக் கணக்கைப் பார்த்தேன். பருப்பு இருக்கிறது, அரிசி, வெல்லம், எண்ணெய், தேங்காய், ஏலக்காய்கூட இருக்கிறது. கேஸ் இல்லை, பாக்கெட் இல்லை, நீங்கள் இல்லை.

மனகோலத்தில் பாகுதானே எல்லாம்? தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் கூட்டினால் உருள வேண்டும். கொஞ்சம் முந்தி இறக்கினால் மறுநாளே நமுத்துப்போகும். பிந்தினால் பல்லை உடைக்கும். அந்த அடுப்படியில் நிற்கிற நேரத்தில் பிள்ளை அழுதாலும் நகர முடியாது. உங்கள் ஊரில் பலகாரத்துக்குக் கூலிக்கு வரும் அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளம் என்ன என்று விசாரியுங்கள். அதை உங்கள் பெயருக்கு நேரே எழுதி, அப்புறம் விலை போடுங்கள். சொந்தக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு பொட்டலம் வேண்டுமானால் கொடுங்கள், விலையில் கை வைக்காதீர்கள்.

சிறிய அளவில் செய்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாலே போதும், வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அந்த எண்ணைப் பாக்கெட்டில் அச்சடித்துவிடுங்கள். பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கே வரட்டும். கணவரின் கூகுள் பே எண்ணைக் கொடுத்துவிட்டு, "ஒண்ணும் நிற்கவில்லை" என்று எனக்கு எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்று பெண் பார்க்க வருகிறவர்களிடம் முதலிலேயே சொன்னால் வாய்த்துடுக்கு என்கிறார் அம்மா.
(வாசகி, புதுக்கோட்டை)

பதில்: உங்கள் ஊரில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கட்டிக்கொண்டார். இதை அம்மாவிடம் சொல்லுங்கள். நகை எத்தனை பவுன் என்று முன்னாலேயே பேசலாம், இதைப் பேசக் கூடாதா?

கேள்வி: எனக்கு 67 வயது. மகளும் மருமகனும் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். இரண்டரை வயதுப் பேத்தி எங்களிடம்தான் வளர்கிறாள். "ஆயா, ஆயா" என்று காலைச் சுற்றி வருவாள். அவள் இல்லாவிட்டால் வீடு வெறிச்சென்றாகிவிடும். ஆனால் முழங்கால் முடியவில்லை. இதைச் சொன்னால் மகள் வேலையை விட்டுவிடுவாளோ என்று பயம்.
(வாசகி, கோட்டையூர்)

பதில்: ஆச்சி, இந்தக் கடிதம் எழுத எத்தனை நாள் யோசித்தீர்களோ. முதல் கேள்வி கேட்ட பெண்ணின் மாமியார் வாய்விட்டுச் சொல்லாததை நீங்கள் எழுதிவிட்டீர்கள். பிரியமும் முழங்கால் வலியும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் சொல்லாவிட்டால் ஒருநாள் முற்றத்துப் படியில் கால் பிசகி விழும்போது மகளுக்குத் தெரியவரும். அன்றைக்கு அவள் நின்று யோசிக்காமல் வேலையை விட்டுவிடுவாள். இப்போதே சொன்னால் மூன்று பேரும் சேர்ந்து வழி பார்க்கலாம். பேத்திக்கு இரண்டு வயது தாண்டிவிட்டதால் காலையில் அங்கன்வாடிக்கு அனுப்பலாம், சமவயதுப் பிள்ளைகளோடு பேச்சும் வரும். குளிப்பாட்ட, தூக்க ஒரு ஆள் போடச் சொல்லுங்கள். பள்ளியில் சேர்க்கும் வயதில் அவள் எந்த ஊரில் இருப்பாள் என்பதையும் இப்போதே கேளுங்கள். பதில் உடனே வராது, ஆனால் அவர்கள் யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

இதைப் போனில் பேச வேண்டாம். அடுத்த முறை வரும்போது பிள்ளை தூங்கின பிறகு பேசுங்கள். மகளிடம் மட்டும் சொல்லி, அவள் போய் மருமகனிடம் சொல்லட்டும் என்று விடாதீர்கள். அவரையும் உட்கார வையுங்கள்.