டர்போ ஸ்போர்ட்ஸ் காரின் சைலன்சரை மாற்றினால் எஞ்சினுக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். டர்போவையும் (புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுவது) அதை ஒட்டி வரும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் (புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைப்பது) தொடாதீர்கள். அதற்குப் பின்னால் இருக்கும் குழாயை மட்டும் மாற்றுங்கள். நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். ஆனால் வாரண்டி முடியட்டும் என்று காத்திருந்து இப்போது கை பரபரப்பவராகத்தான் நீங்கள் இருப்பீர்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என்னுடையது 2017 ஆக்டேவியா ஆர்.எஸ். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. "நாலு கதவு வண்டி எப்படி ஸ்போர்ட்ஸ் கார் ஆகும்" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். டர்போ வேலை செய்யும் விதமும் அதன் சூடும் இரண்டிலும் ஒன்றுதான்.

வெளியூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் (பெயர் வேண்டாம்) கன்வர்ட்டரோடு சேர்த்து டவுன்பைப்பை (டர்போவிலிருந்து கிளம்பும் முதல் குழாய்) கழற்றிவிட்டு, மூன்று இன்ச் வெறும் குழாயைப் போட்டார்கள். ரீமேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். முதல் வாரம் வண்டி பறந்தது. இரண்டாவது வாரம் திருநெல்வேலிக்குப் போகிற வழியில், ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே எஞ்சின் விளக்கு எரிந்தது. மிதித்தாலும் இழுக்கவில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, ஓரமாக உருட்டிக்கொண்டே போனேன்.

ஸ்கேனரில் இரண்டு பிழைக் குறியீடுகள் வந்தன. பி0420, பி0234. முதலாவது, கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்பது. கன்வர்ட்டரே இல்லாதபோது அது வரத்தான் செய்யும். இரண்டாவதுதான் பயப்பட வேண்டியது. புகை வெளியேறத் தடை குறைந்ததும் டர்போவில் உள்ள டர்பைன் வேகமாகச் சுற்றுகிறது, கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருந்ததைவிட அதிகக் காற்று எஞ்சினுக்குள் போகிறது. எஞ்சின் போய்விடக் கூடாது என்று அது பவரைக் குறைத்துவிட்டது. கம்ப்யூட்டர் செய்தது சரி. கணக்கை மாற்றாமல் குழாயை மட்டும் மாற்றியதுதான் தப்பு.

அதோடு நிற்கவில்லை. வண்டியில் ஏறினாலே மகள் தலைவலிக்கிறது என்றாள். பேச்சிப்பாறை போகிற வளைவுகளால் என்று நினைத்தோம். ஒரு நாள் மனைவி, "என்னங்க, புகை நாறுது" என்றாள். அத்தை மகன் பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்தோம். மச்சான் பல வருஷம் வளைகுடாவில் பைப்லைன் வெல்டராக இருந்தவன், இப்போது ஊரில் மீன்பிடிப் படகுகளுக்குக் குழாய் வேலை செய்கிறான். ஃப்ளெக்ஸ் (வளைந்து கொடுக்கும் குழாய்த் துண்டு) சேரும் இடத்தில் வெல்டிங் ஓரமாக மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. அதிலிருந்து மை தீட்டினது மாதிரி கரிக்கோடு. மச்சான் அந்த இடத்தை அறுத்து உட்பக்கத்தைக் காட்டினான். கருகிப்போன கருப்பட்டிப் பாகு மாதிரி கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

"மக்கா, ஆர்கான் வெல்டிங் வெளியே மட்டும் அடிச்சா போதாது. குழாய்க்குள்ளேயும் ஆர்கான் வாயுவை நிரப்பணும். இல்லைன்னா உள்பக்கம் காற்றுப்பட்டு இப்படித்தான் கருகும். வெடிப்பு அங்கேயிருந்துதான் கிளம்பும்" என்றான்.

நாங்கள் முகர்ந்தது புகையில் இருந்த மற்ற வாயுக்களைத்தான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. அந்தப் புகையில்தான் என் மகள் பின்சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கழற்றிய பழைய டவுன்பைப்பை நல்லவேளையாகப் பரணில் போட்டு வைத்திருந்தேன். அதையே கன்வர்ட்டரோடு திரும்ப மாட்டினோம். அதற்குப் பின்னால் மட்டும் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய். மணவாளக்குறிச்சியில் என் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம். இரண்டு பருவமழையும் உப்புக்காற்றும் சேர்ந்து சாதா இரும்புக் கிளாம்ப்பை அரித்துவிடும். கடைக்காரர் காந்தம் வைத்து ஒட்டவில்லை என்று காட்டினால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மலிவான 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது. பில்லில் கிரேடை எழுதித் தரச் சொல்லுங்கள்.

மச்சான் பிடிவாதமாக நின்றது ஃப்ளெக்ஸ் விஷயத்தில். எஞ்சின் ஆடும், குழாய் ஆடாது, இடையில் வளைந்து கொடுக்க ஒன்று வேண்டும். சூட்டில் குழாய் நீளவும் செய்யும். 304-இல் ஒன்றரை மீட்டர் குழாய் 400 டிகிரி சூடேறினால் ஒரு சென்டிமீட்டர் நீண்டுவிடும். அதனால் தொங்கவிடுவதற்குக் கம்பெனி ரப்பரையே வைத்தோம், இரும்புப் பட்டையால் இறுக்கவில்லை. வெப்பத்தகடு ஒன்றைக்கூடக் கழற்றவில்லை. இரைச்சலைக் குறைக்கும் ரெசனேட்டரும் இருக்கிறது. 200 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கினோம். லீக் பார்க்க, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பின்குழாயைத் துணியால் கொஞ்ச நேரம் அடைத்துக்கொண்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் போதும். நுரை வருகிற இடத்தில் ஓட்டை.

இப்போது நான்கு வருஷம், 38,000 கிலோமீட்டர். ஒரு விளக்கும் எரியவில்லை. பவர் கூடியதா என்றால் சொல்லும்படி இல்லை. சத்தம் கனமாக, நன்றாக இருக்கிறது, எனக்கு அது போதும். ரீமேப், நல்ல கன்வர்ட்டர் உள்ள டவுன்பைப் எல்லாம் சேர்த்து முறையாகச் செய்து நிம்மதியாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பாதி வேலை செய்கிறவர்களைத்தான் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-படி சத்தத்துக்கும் புகைக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, லைசென்ஸும் மூன்று மாதம் போகும். அதையும் மனதில் வையுங்கள்.

சட்டம் என்றதும் இன்னொன்று. போன மாதம் வாகனச் சோதனையில் என்னை நிறுத்தி, எஞ்சினை முறுக்கச் சொல்லி, சத்தம் கேட்டுப் பார்த்துத்தான் விட்டார்கள். தப்பில்லை, கடமை. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் எத்தனை டாரஸ் லாரி (பல சக்கரக் கனரக லாரி) போயிருக்கும்! எங்கள் குமரி மாவட்டத்து மலையை உடைத்து, தார்ப்பாய்கூட மூடாமல், கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகிறார்கள். ராத்திரி முழுக்க ஓடுகிறது. சாலை நொறுங்குகிறது, பைக்கில் போகிற பிள்ளைகள் அடிபடுகிறார்கள். ஒரு லாரியையும் நிறுத்தவில்லை. மலை போனால் எங்களுக்கு வேறு மலை எங்கே இருக்கிறது?

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். எந்த மாடல், கன்வர்ட்டர் டர்போவை ஒட்டி இருக்கிறதா, தரைக்கு அடியில் இருக்கிறதா என்று எழுதுங்கள். எந்த இடத்தில் வெட்டலாம் என்று மச்சானிடம் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை கழற்றுகிற எதையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.