குடம் தப்பவில்லை தம்பி, கட்டம்தான் தப்பியிருக்கு

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஊர் தக்கலைப் பக்கம். மாமா வில்லுப்பாட்டு அண்ணாவி, குழுவுக்குத் தலைமையாப் பாடுறவர். எழுபது தாண்டியாச்சு, இனி கோயில் கொடை விழாவுக்குப் போறது குறைஞ்சிரும்னு எங்க முற்றத்துலயே குழுவை உட்கார வச்சு 26 நிமிடம் சுருக்கிப் பாட வச்சேன். நாலு மைக், லேப்டாப்பில் ரீப்பர்ங்கிற ஒலிப்பதிவு மென்பொருள். இதை 8 நிமிடமா வெட்டி, கொஞ்சம் கீபோர்டு சேர்த்து, வளைகுடாவில் இருக்கிற சொந்தக்காரங்களுக்கு அனுப்ப ஆசை. டெம்போ (நிமிஷத்துக்கு எத்தனை அடி) 92 வச்சா ஆரம்பம் சரியா வருது. கடைசியில் 118 வரைக்கும் போயிருது. குடத்தை இழுத்து கிரிட்டில், அதான் திரையில் தெரியுற தாளக் கட்டத்தில், வச்சா ஒவ்வொரு அடியும் ரெண்டாக் கேக்குது. வெட்டின இடமெல்லாம் 'டிக்'குங்குது. போன் வீடியோவின் சத்தம் முதல்ல சேருது, கடைசியில் எதிரொலி மாதிரி விலகுது. மாமா காதுல கிளிக்கை (மெட்ரோனோம் அளவாத் தட்டுற தாளச் சத்தம்) மாட்டி மறுபடியும் பாடச் சொல்லவா?
(பெயர் வேண்டாம், தக்கலை)

பதில்: தம்பி, அந்தக் கிளிக்கை மாமா பக்கம் கொண்டு போயிராதீங்க. கதை ஏறும்போது வில்லும் ஏறும். கொடையில் நடுச்சாமத்துக்கு மேல் சாமி வரும் நேரத்தில் குடத்துக்காரர் மெட்ரோனோம் பார்த்தா அடிக்கிறார்? 92-இல் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 652 மில்லி செகண்ட், 118-இல் 508. இவ்வளவு தூரம் போயிருக்கிற பாட்டை ஒரே அளவுக் கட்டத்துக்குள் திணித்தால் எங்கேயாவது பிதுங்கத்தான் செய்யும். மாமாவை விட்டுவிட்டு ரீப்பரின் கட்டத்தை வளைப்போம். எப்படி என்று பிறகு சொல்கிறேன், அதற்கு முந்தி வேறு வேலை இருக்கிறது.

குடம் ரெண்டாகக் கேட்பது ஏன்? நாலு மைக்கும் ஒரே முற்றத்தில் இருந்தவை. குடத்தின் சத்தம் மாமாவின் மைக்கிலும் இருக்கும், வில் மைக்கிலும் இருக்கும், உடுக்கை மைக்கிலும் இருக்கும். நீங்கள் குடத்தின் ட்ராக்கில் மட்டும் ஓர் அடியை 40 மில்லி செகண்ட் நகர்த்தினால், பழைய அடி மற்ற மூன்று ட்ராக்கிலும் நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டும் சேர்ந்து 'தொதொம்' என்று விழும். ஸ்டூடியோவில் ஆளுக்கொரு அறையில் பாடியதைத் திருத்தும் முறை இதற்குச் சரிவராது. ஆகவே நாலையும் ஒரே துணி மாதிரி வெட்ட வேண்டும். நாலு ஐட்டத்தையும் (ட்ராக்கில் இருக்கும் ஒலித் துண்டு) செலக்ட் செய்து 'ஜி' அழுத்துங்கள், ஒரு குரூப்பாகும். அதன் பிறகு 'எஸ்' அழுத்தினால் நாலும் ஒரே இடத்தில் பிளக்கும், இழுத்தால் நாலும் சேர்ந்து நகரும். நகர்த்தியிருக்கும் குட அடிகளை எல்லாம் பழைய இடத்துக்கே கொண்டுவந்த பிறகு இதைச் செய்யுங்கள். 26 நிமிடப் பதிவைத் தொடாமல் தனியாக ஒரு நகல் எடுத்து வைப்பதும் அதற்கு முன்பே நடக்கட்டும்.

இன்னொன்று, மேலே ரிப்பிள் எடிட் பட்டன் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். ஒரு துண்டை வெட்டி எடுத்தால் பின்னால் உள்ளதை முன்னால் இழுத்து இடைவெளியை மூடுவது அது. முன்பு ஒரு கோயில் பாட்டில் பாடகரின் இருமல் இரண்டை நான் வெட்டி எடுத்தேன். ரிப்பிள் அந்த ஒரு ட்ராக்குக்கு மட்டும் இயங்கிக்கொண்டிருந்தது. குரல் முன்னால் போய்விட்டது, தவிலும் நாதஸ்வரமும் பின்னால் வந்தன. நான் கேட்டுப் பார்த்தது முதல் ஒரு நிமிடம் மட்டும். சி.டி. போட்டுக் கோயிலில் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. அந்தத் தெரு வழியாகப் போகும்போது இப்பவும் வண்டியை நிறுத்த மாட்டேன்.

இனி வெட்டு. நிறையப் பேர் டெம்போ மார்க்கர் (இந்த இடத்தில் வேகம் இவ்வளவு என்ற குறி) முழுவதும் போட்டுவிட்டு அப்புறம் வெட்டுவார்கள், இரட்டை வேலை. முதலில் வெட்டிவிட்டால் மிச்சமிருக்கும் எட்டு நிமிடத்துக்கு மட்டும் மார்க்கர் போட்டால் போதும்.

எதை வைப்பது, எதை விடுவது என்பதற்கு 'இன்ட்ரோ, வெர்ஸ், கோரஸ்' என்று பெயர் தேட வேண்டாம். வில்லுக்கு என்று ஒரு வரிசை இருக்கிறதே: காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம், கதைக்கூறு, வாழி. மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட விடுங்கள். அவர் "இங்கேருந்து கதை" என்று சொல்லும் இடத்தில் பகுதியைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டோடு 'ஆர்' அழுத்தினால் ரீஜன், அதாவது பெயரிடக்கூடிய ஒரு பகுதி, ஆகும். அதற்குத் தமிழிலேயே பெயர் எழுதுங்கள். எட்டு நிமிடத்துக்கு எந்த ரீஜன் நிற்கட்டும் என்பதையும் அவரே சொல்லட்டும். காப்பும் வாழியும் இல்லாமல் அனுப்ப அவர் சம்மதிக்க மாட்டார் என்று நினைக்கிறேன், சம்மதிக்கவும் வேண்டாம்.

எங்கே கத்தி வைப்பது? வில்லில் கட்டிய மணிகள்தான் உங்கள் வில்லங்கம். வில்லின் நாணை அடிக்கும் வீசுகோல் விழுந்த பிறகும் மணி சிலுசிலுத்துக்கொண்டே இருக்கும், அந்த வாலை நடுவில் வெட்டினால் எந்தக் காதும் கண்டுபிடிக்கும். வேவ்ஃபார்மைப் பெரிதாக்கி, வீசுகோல் விழும் கூரான முனைக்கு மயிரிழை முன்னால் வெட்டுங்கள். புது அடியின் சத்தம் பழைய வாலை மூடிவிடும். 'டிக்' வருவதற்குக் காரணம் அலை ஏறி நிற்கும் இடத்தில் சட்டென்று அறுபடுவது. இரண்டு துண்டும் 5 முதல் 10 மில்லி செகண்ட் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி கிராஸ்ஃபேட் கொடுத்தால் (முன்னது தேயத் தேய பின்னது எழும்) போய்விடும்.

வேகம் 95-இல் போகும் பகுதியை 112-இல் போகும் பகுதியோடு நேராக ஒட்டினால் எத்தனை கிராஸ்ஃபேட் போட்டாலும் தடுக்கி விழும். ஒட்டை வசனத்தில் வையுங்கள். மாமா கதை சொல்ல, இடப்பக்கம் இருப்பவர் 'ஆமா' போட, குடம் சும்மா இருக்கும் இடம். அங்கே தாளமே இல்லை, பிறகு எந்த வேகத்தில் எடுத்தாலும் காது ஏற்றுக்கொள்ளும். அந்த 'ஆமா'வுக்கு முன்னால் உள்ள சின்ன மௌனத்தை மட்டும் நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று நறுக்கிவிடாதீர்கள்.

இப்போது கட்டத்தை வளைப்பது. ஒலி ட்ராக்குகளில் வலது கிளிக் செய்து டைம்பேஸை (ஒலி நேரத்தோடு ஒட்டி நிற்பதா, தாளத்தோடா என்பது) 'டைம்' என்று மாற்றுங்கள். ரீப்பர் வழக்கமாக 'பீட்ஸ்' என்று வைத்திருக்கும். அப்படியே விட்டு டெம்போவைத் தொட்டால் மாமாவின் குரல் இழுபட்டுப் போகும். கீபோர்டில் வாசித்ததை ஸ்வரங்களாகப் பதியும் மிடி ட்ராக் பீட்ஸிலேயே இருக்கட்டும். பிறகு குடத்தின் அடியைப் பார்த்து எட்டு பாருக்கு (ஒரு பார் என்பது ஒரு தாளச் சுற்று) ஒரு டெம்போ மார்க்கர் போடுங்கள். நாலடி நடையா, மூன்றின் நடையா என்று முதலில் கையால் தட்டிப் பாருங்கள், மூன்றின் நடைக்கு நாலடிக் கட்டம் போட்டால் எல்லாமே கோணும். நாலடி என்றே வைப்போம். எட்டு நிமிடத்தில் வசனம் போக ஆறு நிமிடம் தாளம் இருந்தால் சராசரி 105 வேகத்தில் சுமார் 630 அடி, அதாவது இருபது மார்க்கர். ஒவ்வோர் அடிக்கும் மார்க்கர் குத்தினால் கீபோர்டு நொண்டும். வசனத்தில் ஒன்றும் போட வேண்டாம், குடம் மறுபடி விழும் இடத்தில் புது மார்க்கர் போட்டு அங்கிருந்து பார் எண்ணட்டும்.

கீபோர்டைப் பற்றி நான் கஞ்சன். எட்டு நிமிடமும் ஸ்டிரிங்ஸ் (வயலின் கூட்டம் போன்ற ஒலி) ஓடினால் மணிச் சத்தம் மங்கி, வில்லே எங்கோ தூரத்தில் கேட்கும். நாட்டு வளத்துக்குக் கீழே சுருதிக்குத் துணையாக ஒரு மெல்லிய பேட் (நீண்டு நிற்கும் மென்மையான ஒலி), வாழியில் கொஞ்சம் ஸ்டிரிங்ஸ், கதைக்கூறில் ஒன்றுமே வேண்டாம். வாசித்ததைக் குவான்டைஸ் செய்யும்போது, அதாவது கட்டத்தை நோக்கி இழுக்கும்போது, 60 சதவீதம் போதும். ஸ்டிரிங்ஸ் மெதுவாக ஊதி எழும் ஒலி, கட்டத்தில் சரியாக வைத்தாலும் பிந்திக் கேட்கும். அந்த ட்ராக்கை 30, 40 மில்லி செகண்ட் முன்னால் தள்ளிக் கேட்டுப் பாருங்கள்.

போன் விஷயம் லேசானது. போனின் கடிகாரமும், மைக்குகளை லேப்டாப்போடு சேர்க்கும் இன்டர்ஃபேஸின் கடிகாரமும் வேறு வேறு. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே 26 நிமிடத்தில் 31 மில்லி செகண்ட் விலகும். ஆனால் 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேமே 33 மில்லி செகண்ட், கண்ணுக்கு அது தெரியாது. வெட்டத் தொடங்கும் முன் முதல் குட அடியில் வீடியோவைச் சேர்த்து அதே குரூப்பில் போடுங்கள், அதன் ஒலியை மியூட் செய்துவிடுங்கள்.

முடித்ததும் ஹெட்போனில் மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். வளைகுடாவில் இருக்கிறவர்கள் போன் ஸ்பீக்கரில்தான் கேட்கப் போகிறார்கள். அதில் குடத்தின் அடித்தொனி காணாமல் போகும், மணி மட்டும் காதைக் குத்தும். உங்கள் போனிலேயே ஒரு தடவை போட்டு, மணி எரிச்சலாக இருந்தால் வில் மைக்கைக் கொஞ்சம் இறக்கி, குடத்தின் மேலே பத்தி (குடத்தை அடிக்கும் மட்டை) படும் அந்த 'தட்' சத்தத்தை ஈக்வலைசரில் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்.