முழங்காலில் மணி எதற்கு?

கேள்வி: ஐயா, என் மகள் பார்க்கும் கொரியத் தொடர் ஒன்றில் முகமூடி ஆட்டம் வந்தது. ஒருவன் முழங்காலில் பெரிய மணி, இடுப்பில் பச்சைக் கிளை! அதற்கு அர்த்தம் உண்டா, சும்மா அலங்காரமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: உண்டு அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவன் சுவிபாரி. கொரியாவின் போங்சான் ஊர் முகமூடி ஆட்டத்தில் வரும் குடிகாரப் பிரம்மச்சாரி. இடுப்பில் இருப்பது வில்லோ மரக்கிளை. இளமையும் கோடையும் பிள்ளைப்பேறும் அந்தப் பச்சையில் அடக்கம். அவன் குதிக்கக் குதிக்க மணியும் சத்தம் போடும்.

அவனுக்கு எதிரி நோஜாங் என்ற கிழத் துறவி. கறுத்த முகமூடி, சாம்பல் நிற அங்கி, கழுத்தில் ஜெபமாலை. ஆட்டம் முழுக்க ஒரு வார்த்தை பேச மாட்டார். அதனால் அவருக்காகப் பேசுவதெல்லாம் அந்த மாலைதான். சோமு என்ற இளம்பெண்ணைப் பார்த்து மயங்கி (பேரைக் கேட்டு ஆண் என்று நினைத்துவிடாதீர்கள்), தன் மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போடுவார். அவள் கழற்றி எறிவாள். எடுத்து மறுபடி போடுவார். கடைசியில் அவள் அதை வைத்துக்கொள்வாள். துறவு போனதைச் சொல்ல வசனம் எதற்கு? அப்புறம் சுவிபாரி வந்து கிழவரை அடித்து விரட்டி, சோமுவை அடைகிறான். குழந்தையும் பிறக்கிறது. அதற்கு ஒரு பொம்மை போதும். குளிர்காலத்தைக் கோடை விரட்டுவதாக இதற்கு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அந்த மாலைதான் பெரிதாகப் படுகிறது.

யாங்பான் என்ற மேல்குடி ஆட்கள் விசிறியோடு மிடுக்காக வருவார்கள். சவுக்கு இருப்பதோ வேலைக்காரன் மல்துகி கையில்! எஜமானர்களைக் கேலி செய்து சிரிக்கவைப்பதும் அவன்தான். நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனும் ராஜாவை விடுவதில்லையே. மியால் கிழவி விசிறியும் மணியும் வைத்திருப்பாள். இரண்டும் அங்கே சாமியாடும் பெண்களின் சாமான்.

போங்சான் ஊர் இன்று வட கொரியாவில் இருக்கிறது. கொரியப் போருக்குப் பின் தெற்கே வந்த கலைஞர்கள்தான் ஆட்டத்தை அங்கே பிழைக்கவைத்தார்கள். தென் கொரிய அரசு 1967இல் அதைப் பாரம்பரியக் கலையாக அறிவித்தது. கொரிய முகமூடி ஆட்டங்கள் 2022இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறின.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. அந்தக் காலத்தில் ஆட்டம் முடிந்ததும் காகித முகமூடிகளைக் கொளுத்திவிடுவார்களாம். இங்கே தென்னாப்பிரிக்காவில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பேர் வாங்கிய நம் தெருக்கூத்துக்குக் கிரீடம் செய்து, ஒவ்வொரு கண்ணாடித் துண்டாக ஒட்டியவன் நான். எனக்கு எப்படி மனசு வரும்?