பாபநாசத்தில் ஒரு கடுகு

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அறையில் ஒட்டியிருக்கும் சூரியக் குடும்பச் சார்ட்டில், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில்கூட நட்சத்திரங்கள் வரைந்திருக்கிறார்கள். இரவில் நாம் பார்க்கும் நட்சத்திரங்கள் சூரியக் குடும்பத்துக்குள் இருக்கின்றனவா, வெளியிலா? வரும் பிப்ரவரியில் அவளுக்கு 11 வயது முடிகிறது. ஒரு நட்சத்திரத்துக்கு அவள் பெயரைப் பதிவு செய்து சான்றிதழ் தருவதாக ஆன்லைனில் விளம்பரம் பார்த்தேன். 2,999 ரூபாய், 'நமக்கு அருகிலுள்ள நட்சத்திரம்' வேண்டுமென்றால் ஆயிரம் கூடுதல். வாங்கலாமா?
– வாசகி, சென்னை

பதில்: எல்லாமே வெளியில்தான். பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சார்ட் அச்சடித்தவரைச் சொல்ல வேண்டும். கறுப்புத் தாள் வெறுமையாக இருக்கிறதே என்று வெள்ளைப் புள்ளிகளைத் தூவிவிடுகிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து, கோள்களுக்கு இடையில் நட்சத்திரங்கள் மிதப்பதாக நினைத்துக்கொள்கின்றன. கல்லூரிக்கு வந்த பிறகும் அப்படியே நினைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தூரம் புரிய வேண்டுமென்றால் ஒரு கொண்டைக்கடலையை எடுத்து உங்கள் வீட்டு வாசலில் வையுங்கள். அதுதான் சூரியன். பூமி அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி. கடைசிக் கோளான நெப்டியூன் 30 மீட்டரில், அதாவது நாலு வீடு தள்ளி. சரி, அடுத்த நட்சத்திரம் எங்கே? தெருமுனையிலா, தாம்பரத்திலா? நேர்கோட்டில் 268 கிலோமீட்டர் போக வேண்டும்; கும்பகோணத்தைத் தாண்டி பாபநாசம் பக்கம். அங்கே ஒரு கடுகு கிடக்கும். அதுதான் பிராக்ஸிமா சென்டாரி. ஒளி அங்கிருந்து இங்கே வந்து சேர 4.24 ஆண்டு ஆகிறது. 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இந்தக் கணக்கில் இப்போதுதான் ஏறக்குறைய 170 மீட்டர் போயிருக்கிறது. அதே வேகத்தில் பாபநாசம் தூரத்தைக் கடக்க எழுபதாயிரம் ஆண்டுக்கு மேல் வேண்டும்.

மினுக்காமல் நிதானமாக ஒளிர்பவை பெரும்பாலும் வெள்ளி, வியாழன் போன்ற கோள்கள். அவை மட்டும் நம் தெருக்காரர்கள்.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். சூரியனும் ஒரு நட்சத்திரம். சூரியக் குடும்பத்துக்குள் இருக்கும் ஒரே நட்சத்திரம் அதுதான். என் தங்கை மகளுக்குத் தேர்வில் 'பூமிக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் எது?' என்று கேட்டிருந்தார்கள். சூரியன் என்று எழுதினாள். தப்பு என்று ஒரு மதிப்பெண் போய்விட்டது. விடைக்குறிப்பில் பிராக்ஸிமா சென்டாரி என்று இருந்ததாம். நேரில் போய்க் கேட்டேன். "நீங்க சொல்றது சரிதான் சார், ஆனா கீயில அப்படித்தான் இருக்கு" என்றார்கள். சூரியனை விட்டுவிட்டு அடுத்தது எது என்று கேட்டால்தான் பிராக்ஸிமா. பூமிக்கு என்று கேட்டால் சூரியன். உங்கள் மகளுக்கும் இந்தக் கேள்வி வரும். சூரியன் என்றே எழுதச் சொல்லுங்கள்; மதிப்பெண் போனால் போகட்டும்.

அப்புறம், வானத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரிவதால் அவை அக்கம்பக்கத்தில் இருப்பதாக அர்த்தமில்லை. கார்த்திகையும் ரோகிணியும் ஒட்டினாற்போல் தெரியும். ரோகிணி 65 ஒளியாண்டு தூரம், அதாவது அதன் ஒளி இங்கே வந்து சேர 65 ஆண்டு; கார்த்திகைக் கூட்டம் சுமார் 440. ஒரே திசையில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சான்றிதழ். நட்சத்திரங்களுக்கு அதிகாரப்பூர்வமாகப் பெயரிடுவது 1919இல் தொடங்கிய சர்வதேச வானியல் ஒன்றியம். அது பெயரை விற்பதில்லை, விற்க யாருக்கும் உரிமம் கொடுத்ததும் இல்லை. நம் ரேவதியும் பரணியும் அதன் பட்டியலில் இருக்கின்றன. யாரும் காசு கட்டி ஏற்றியதல்ல. 2019இல் இந்தியாவுக்கு ஒரு நட்சத்திரம் ஒதுக்கிப் பெயர் கேட்டார்கள். இயற்பியலாளர் பிபா சௌதுரியின் நினைவாக 'பிபா' என்று வைத்தார்கள். அதற்கும் கட்டணம் கிடையாது.

விளம்பரக்காரர் உங்கள் மகள் பெயரைத் தன் கடை நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். அதே நட்சத்திரத்தை இன்னொரு கடைக்காரர் வேறொரு குழந்தைக்கு விற்றாலும் கேட்க நாதியில்லை. பெரும்பாலும் அது வெறும் கண்ணுக்கே தெரியாத மங்கல் புள்ளியாக இருக்கும். 'அருகிலுள்ளது' என்று ஆயிரம் கூடக் கேட்பது அதைவிட வேடிக்கை. மிக அருகிலுள்ள பிராக்ஸிமாவே வெறும் கண்ணுக்குத் தெரியாது! சான்றிதழ் வாங்கியவரிடம் அடுத்து '600 மடங்கு பெரிதாக்கும்' டெலஸ்கோப் விற்க வருவார்கள். அதையும் வாங்காதீர்கள். ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியிலேயே நட்சத்திரம் புள்ளியாகத்தான் தெரியும். இந்த வியாபாரத்தை ஏன் யாரும் தட்டிக் கேட்பதில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

பிறந்தநாள் இரவு எட்டரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போங்கள். வானத்திலேயே பளிச்சென்று தெரியும் சிரியஸ், சிவப்பாகத் தெரியும் திருவாதிரை, இவை இரண்டோடும் முக்கோணம் போடும் மூன்றாவது நட்சத்திரம் புரோசியான். அதன் தூரம் ஏறக்குறைய பதினொன்றரை ஒளியாண்டு. அன்றைக்கு அவள் கண்ணில் விழும் ஒளி, அவள் உங்கள் வயிற்றில் இருந்தபோது அங்கிருந்து கிளம்பியது.