புதிய ரைடிங் மோவர் பாதியில் நின்றுபோகிறது, பெட்ரோல்தான் கெட்டது என்கிறார் டீலர்: என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஏப்ரலில் வாங்கிய ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் வண்டி) இரண்டாவது மாதத்திலேயே புல் வெட்டும்போது அணைந்துபோகிறது. டீலர் வண்டியை எடுத்துச் சென்று பார்த்துவிட்டு, டேங்கில் தண்ணீர் கலந்த பெட்ரோல் இருக்கிறது, இது வாரண்டியில் வராது, கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) சுத்தம் செய்ய 220 டாலர் ஆகும் என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். வண்டி இன்னும் அவர் கடையில்தான் நிற்கிறது.

கீழே உள்ளதைப் படிப்பதற்கு முன்பே ஒரு காரியத்தைச் செய்துவிடுங்கள். 'டேங்கில் இருப்பதை வடிக்க வேண்டாம், கழற்றிய வடிகட்டியையும் மற்ற உதிரிகளையும் எறிய வேண்டாம், நான் நேரில் வந்து மாதிரி எடுத்துக்கொள்ளும் வரை வேலையைத் தொடங்க வேண்டாம்' என்று இன்றே டீலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னால் போதாது. இந்த வழக்கில் வாய் திறக்காத ஒரே சாட்சி அந்தப் பெட்ரோல்தான். அது கடையின் கழிவு டிரம்மில் கலந்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் சொல்வதும் அவர் சொல்வதும் மட்டுமே மிஞ்சும்.

நான் வட கரோலினாவில், ராலிக்குப் பக்கத்தில், ஏறத்தாழ ஓர் ஏக்கர் மனையில் குடியிருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் 42 அங்குல வெட்டு அகலம் கொண்ட ஒரு வண்டியை வாங்கி, கிட்டத்தட்ட உங்கள் நிலையிலேயே மாட்டிக்கொண்டேன். சரியாக இருபது இருபத்தைந்து நிமிடம் ஓடும். பிறகு எஞ்சினின் சத்தம் ஏறி இறங்கத் தொடங்கும். ஒரு நிமிடத்துக்குள் அணைந்துவிடும். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும். டீலர் எடுத்துச் சென்றார், பெட்ரோலில் தண்ணீர் என்றார், 186 டாலர் வாங்கிக்கொண்டு கார்புரேட்டரைச் சுத்தம் செய்து அனுப்பினார். அடுத்த சனிக்கிழமை, அதே இருபத்திரண்டாவது நிமிடம், அதே இடத்தில் நின்றது.

அன்று நான் செய்ததைச் சொல்கிறேன். கழுவி நன்றாக உலர்த்திய ஒரு கண்ணாடி ஜாடியில், டேங்கின் அடியிலிருந்து கை பம்ப் மூலம் அரை லிட்டர் எடுத்தேன். மேலாக எடுத்துப் பயனில்லை, ஏனெனில் தண்ணீர் அடியில்தான் போய்த் தங்கும். அமெரிக்காவில் பெரும்பாலான பம்புகளில் கிடைப்பது பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. பதினாறு டிகிரி செல்சியஸ் அளவில், ஒரு கேலனில் ஏறத்தாழ நான்கு தேக்கரண்டித் தண்ணீர் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு தனி அடுக்காகக் கீழே இறங்கிவிடும். ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையே தெரிவது போன்ற ஒரு கோடு தெளிவாகத் தெரியும். என் ஜாடியில் கோடும் இல்லை, அடியில் உருண்டோடும் துளியும் இல்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே வைக்கோல் நிறம். தேதியிட்ட செய்தித்தாளை ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். (மாதிரியைத் திறந்த வெளியில் எடுங்கள், எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், ஜாடியை வீட்டுக்குள் வைக்காதீர்கள்.)

பெட்ரோல் கெட்டதால் வரும் கோளாறும், பெட்ரோல் வந்து சேராததால் வரும் கோளாறும் வெவ்வேறு விதமாக முகம் காட்டும். பழைய பெட்ரோலின் பிசின் கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்திருந்தால், வண்டி கிளம்பும்போதே முரண்டு பிடிக்கும். சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் விசையை) இழுத்து வைத்தால்தான் ஓடும். முதல் நிமிடத்திலிருந்தே சத்தம் ஏறி இறங்கும். அப்படியில்லாமல், நன்றாகக் கிளம்பி, நன்றாக ஓடி, குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு மட்டும் நின்று, ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடுகிறது என்றால், டேங்குக்குள் காற்று போகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். காற்று வர வழியில்லாவிட்டால் டேங்கில் வெற்றிடம் உருவாகி, பெட்ரோலைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். இந்த வண்டிகள் பலவற்றில் இருக்கும் எரிபொருள் பம்ப், எஞ்சினின் கிராங்க் அறையில் எழும் அழுத்தத் துடிப்பில் இயங்கும் சிறிய சவ்வு பம்ப். அந்த இழுப்பை வெல்லும் வலிமை அதற்குக் கிடையாது. ஊரில் பழைய ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டு உதைத்துக் கிளப்பியவர்களுக்கு, கார்புரேட்டர்க் கிண்ணத்தில் பெட்ரோல் வந்து நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே, அடுத்த முறை வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். நான் திறந்தபோது 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. உடனே சாவியைத் திருப்பினேன், கால் மணி நேரம் காத்திருக்காமலே கிளம்பியது. அதைக் கைப்பேசியில் ஒரே காணொளியாக, இடையில் வெட்டாமல், எடுத்து வைத்தேன். 2011 மாடல் ஆண்டிலிருந்து, கூட்டாட்சி சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிகளால், இந்த வண்டிகளின் டேங்க் ஆவி நேராக வெளியே போகாமல் கரி நிரப்பிய ஒரு டப்பா வழியாகவோ எஞ்சினுக்கோ செல்லும்படி குழாய் அமைக்கப்பட்டிருக்கிறது. என் வண்டியில் டேங்குக்குள் காற்று வரும் வழியும் அந்தக் குழாய்தான்; அது இருக்கைக்குக் கீழே ஃபெண்டருக்கும் (சக்கரத்தின் மேல்மூடிக்கும்) ஒரு தாங்கிக்கும் நடுவே சிக்கி, நாடா போல் தட்டையாகிக் கிடந்தது. மடிந்த இடத்தில் ரப்பர் வெளுத்துப்போயிருந்தது. தொழிற்சாலையிலோ, கடையில் பெட்டியைப் பிரித்துப் பூட்டியபோதோ நேர்ந்த பிழை அது; நான் ஊற்றிய பெட்ரோலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பெட்ரோலில் உண்மையாகவே தண்ணீர் இருந்தால்கூட, அது யாருடைய பெட்ரோல் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. புதிய வண்டியை ஒப்படைக்கும் முன் டீலர் அதை ஓட்டிப் பார்க்கிறார். அதற்காக அவர் ஊற்றிய பெட்ரோலோடுதான் வண்டி உங்கள் வீட்டுக்கு வருகிறது. அது கடை முற்றத்தில் எத்தனை மாதம் மழையிலும் வெயிலிலும் நின்றது, அந்தப் பெட்ரோல் எப்போது ஊற்றப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்படைப்புக்கு முந்தைய பரிசோதனைத் தாள் ஒன்று பெரும்பாலும் இருக்கும், அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் பக்கத்துக்கு, பம்பில் வாங்கிய ரசீது அல்லது வங்கி அட்டைக் கணக்கின் பதிவு, கேனில் எழுதிய தேதி, இவை போதும். எஞ்சின் கையேடுகள் பொதுவாக 87 ஆக்டேன் (பெட்ரோலின் தர எண்), பத்து சதவீதத்துக்கு மேற்படாத எத்தனால், முப்பது நாளுக்குள் வாங்கியது என்று கேட்கும். பதினைந்து சதவீத எத்தனால் கலந்ததை இத்தகைய எஞ்சின்களில் ஊற்றுவதையே கூட்டாட்சி விதி தடை செய்கிறது. பம்பில் அதற்கு ஆரஞ்சு நிறத்தில் எச்சரிக்கை ஒட்டியிருக்கும். தவறுதலாக அதை ஊற்றியிருந்தால் உங்கள் கை தாழ்ந்துவிடும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

டீலரைக் கெட்டவர் என்று நினைத்து இந்தப் பேச்சைத் தொடங்காதீர்கள். வசந்த காலத்தில் அவர் கடைக்கு வரும் வண்டிகளில் நிறைய, குளிர்காலம் முழுவதும் பழைய பெட்ரோலோடு கொட்டகையில் கிடந்தவை. அதனால் அவர் வாயில் முதலில் வருவது அந்தக் காரணம்தான். தவிர, வாரண்டி வேலைக்கு நிறுவனம் கொடுப்பது ஒவ்வொரு வேலைக்கும் முன்கூட்டி நிர்ணயித்த மணிக்கணக்கு மட்டுமே. காரணத்தைத் தேடி ஒன்றரை மணி நேரம் செலவிட்டால் அந்த நேரத்துக்குப் பணம் கிடைக்காமல் போகலாம். இது அவருடைய சிரமம், எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கான செலவை நீங்கள் ஏற்க வேண்டிய கடமை இல்லை.

இன்னொரு சிக்கல், வண்டிக்கு ஒரு நிறுவனம் வாரண்டி கொடுத்திருக்கும், எஞ்சினுக்கு வேறொரு நிறுவனம் கொடுத்திருக்கும். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், கோலர், கவாசாகி போன்ற நிறுவனங்களின் எஞ்சின்கள் பல பிராண்டு வண்டிகளில் ஏறுகின்றன. டேங்கும் குழாயும் வண்டிக்காரர் பொறுப்பு, கார்புரேட்டர் எஞ்சின்காரர் பொறுப்பு என்று இருவரும் மாறிமாறிக் கைகாட்டும்போது, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்ற கதிதான் வாங்கியவருக்கு. இதற்கு ஒரு நல்ல மருந்து உண்டு, பலரும் கவனிப்பதில்லை: கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் 'மாசுக் கட்டுப்பாட்டு வாரண்டி'. அது குறைந்தது இரண்டு ஆண்டுகள் செல்லும், கார்புரேட்டர், எரிபொருள் குழாய், டேங்க் மூடி, கரி டப்பா எல்லாம் பொதுவாக அதன் பட்டியலில் வரும். அந்தப் பகுதியில் பொதுவாகக் கிடைக்கும் எரிபொருளைப் பயன்படுத்தினார் என்பதற்காக, அது கெடுதல் செய்யும் என்று கையேட்டில் எழுதியிருந்து, சரியான எரிபொருளும் எளிதாகக் கிடைக்கும் நிலை இருந்தாலன்றி, இந்த வாரண்டியை மறுக்கக்கூடாது என்பது கூட்டாட்சி விதி.

1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டமும் உங்களுக்குத் துணை. கெட்ட பெட்ரோலால் விளைந்த சேதத்தை வாரண்டியிலிருந்து விலக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் இந்தக் கோளாறு அதனால்தான் விளைந்தது என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு. ஆகவே கடிதத்தில் நீங்கள் கேட்க வேண்டியது மூன்றே செய்திகள்: மெக்கானிக் எந்தப் பாகத்தில் என்ன கண்டார், தண்ணீர் என்பதை எந்தச் சோதனையால் அறிந்தார், வாரண்டியின் எந்த வாசகத்தைக் காட்டி மறுக்கிறார். இவற்றை எழுதித் தாருங்கள் என்று மரியாதையாகக் கேட்ட உடனேயே பல விவகாரங்களின் தொனி மாறிவிடுகிறது. திரும்பத் திரும்பக் கோளாறாகும் மோட்டார் வாகனங்களை வாங்கியவர்களைக் காக்கும் 'லெமன்' சட்டங்கள் பொதுவாக மோவருக்குப் பொருந்துவதில்லை, அந்த நம்பிக்கையில் காலம் கடத்தாதீர்கள். அதற்குப் பதிலாக, லூசியானா நீங்கலாக மற்ற மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட சீரான வணிகச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில், பொருளின் பயன்மதிப்பையே குலைக்கும் குறை திருத்தப்படாமல் நீடித்தால், பொருளை ஏற்றுக்கொண்டதையே ரத்து செய்து, அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கும் உரிமை இருக்கிறது. குறையை நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால்தான் ஒவ்வொரு முறை நின்றதையும் தேதியோடு மின்னஞ்சலில் சொல்லச் சொல்கிறேன்.

பணம் கட்டித்தான் வண்டியை மீட்க வேண்டும் என்ற கட்டம் வந்தால், 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று பில்லில் எழுதிக் கையொப்பமிட்டு, கிரெடிட் கார்டில் கட்டுங்கள். ஐம்பது டாலருக்கு மேற்பட்டு, உங்கள் மாநிலத்துக்குள்ளோ வீட்டிலிருந்து நூறு மைலுக்குள்ளோ வாங்கிய பொருள் அல்லது சேவை என்றால், கடைக்காரரிடம் பேசித் தீர்க்க முயன்ற பிறகு, இன்னும் செலுத்தாத தொகையை அட்டை நிறுவனத்திடம் மறுக்கச் சட்டம் இடம் தருகிறது. டெபிட் கார்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வண்டியைத் தவணையில் வாங்கியிருந்தால், கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அதற்கும் தீராவிட்டால் மாநில அட்டர்னி ஜெனரலின் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) நுகர்வோர் பிரிவில் புகார் கொடுக்கலாம், சிறு வழக்கு மன்றத்துக்கும் போகலாம். வட கரோலினாவில் கவுண்டியைப் பொறுத்து 10,000 டாலர் வரையும், டெக்சாஸில் 20,000 டாலர் வரையும் வழக்கறிஞர் இல்லாமலே வழக்கிட முடியும்.

என் விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஜாடியின் படம், மூடியைத் திறந்தவுடன் கிளம்பும் காணொளி, தட்டையான குழாயின் படம், முந்தைய பில் ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் டீலரின் சர்வீஸ் மேலாளருக்கும் வண்டி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் சேர்த்து அனுப்பினேன். மூன்றாம் நாள் மேலாளரே வந்தார். இருக்கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை நாங்கள் முதல் தடவையே பார்த்திருக்க வேண்டும்" என்றார். குழாயை வேறு பக்கமாகத் திருப்பிப் பூட்ட அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 186 டாலர் அடுத்த வாரம் என் அட்டைக்குத் திரும்பியது.