அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடக்கும் புவி நாள் விழாவுக்குத் தன்னார்வலராகப் போவதால் ஏதாவது பயன் உண்டா?

கேட்டவர் இந்த ஆகஸ்டில் எம்.எஸ். படிக்கக் கிளம்புகிறவர் என்று நினைக்கிறேன். ரெஸ்யூமேயில் ஒரு வரி சேருமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்றும் நினைக்கிறேன். தப்பில்லை, நானும் அதற்காகத்தான் போனேன். இலவச டீ-ஷர்ட்டும் பீட்சாவும் உபரி.

இந்த விழா பிறந்ததே கல்லூரி மாணவர்களை மனதில் வைத்துத்தான். 1969-இல் சாண்டா பார்பரா கடலில் எண்ணெய் கொட்டியதைப் பார்த்துவிட்டு வந்த செனட்டர் கேலார்ட் நெல்சன், வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் வளாகத்திலேயே உட்கார்ந்து பேசினார்களே, அதே மாதிரி சுற்றுச்சூழலுக்கும் செய்யலாமே என்று ஆரம்பித்தார். 1970 ஏப்ரல் 22 என்று நாள் குறித்ததற்குக் காரணம், வசந்தகால விடுமுறைக்கும் இறுதித் தேர்வுக்கும் நடுவில் வரும் புதன்கிழமை அது. அன்றைக்குக் கலந்துகொண்டவர்கள் 2 கோடிப் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கென்று மத்திய அரசில் தனி முகமையே வந்துவிட்டது. எனவே "சும்மா கூத்து" என்று எழுதப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஆனால் நெல்சன் விஸ்கான்சின்காரர். நான் படித்ததும் அந்த மாநிலத்தில்தான். ஏப்ரல் 22-க்கு அங்கே என்ன குளிர் குளிரும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

நான் கலந்துகொண்ட வருஷம் மேசை போட்டுச் செடி கொடுக்கும் வேலையெல்லாம் அமெரிக்கப் பிள்ளைகள் முன்னாலேயே பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தது குப்பைத் தணிக்கை. நூலகத்துக்கு முன்னால் நீலத் தார்ப்பாய் விரித்து, ஒரு கட்டடத்தின் ஒரு நாள் குப்பையை அப்படியே கொட்டி, மறுசுழற்சிக்குப் போக வேண்டியது, உரமாக வேண்டியது, புதைக்க வேண்டியது என்று கையால் பிரித்து எடை போட வேண்டும். பாதி குடித்த காபி உள்ளேயே இருக்கும் கோப்பை, ஒரு கடிகூடக் கடிக்காத ஆப்பிள், எண்ணெய் ஊறிய பீட்சா அட்டை. பெரிய தலைவலி 'மக்கும்' என்று அச்சடித்த பிளாஸ்டிக் கோப்பைதான். சோள மாவிலிருந்து செய்கிறார்கள், வாஸ்தவம். ஆனால் அறுபது டிகிரி வரை சூடு ஏறும் பெரிய உரக்கூடத்தில்தான் அது ஒழுங்காக மக்கும். எங்கள் வளாகத்துக் குப்பை அப்படி ஓர் இடத்துக்குப் போகவில்லை. அந்தக் கோப்பைகளை எந்தக் குவியலில் போட என்று கேட்டேன். பொறுப்பாளர் புதைக்கும் குவியலைக் காட்டினார். பக்கத்து மேசையில் அதே கோப்பையில் இலவச எலுமிச்சை ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

யாரோ எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்ஆப்பில் பெருமையாகப் போட்டேன். அம்மா உடனே கூப்பிட்டார். "ஏல, வீட்ட அடமானம் வச்சு அனுப்புனது இதுக்கால?" கூடவே, "ஒங்க பெரியப்பா வீட்ல எல்லாரும் பாத்திருப்பாவ, மொதல்ல அத எடு."

எடுத்துவிட்டேன். இதை இங்கே சொல்லத் தேவையில்லைதான், ஆனாலும் எடுத்துவிட்டேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குக் காலையில் ஓர் அக்கா வண்டி தள்ளிக்கொண்டு வந்து விசில் அடிப்பார். அம்மா வாளியை வாசலில் வைப்பார். இருபத்து மூன்று வயது வரை குப்பையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த விசில் சத்தம் மட்டும்தான். தார்ப்பாயில் எனக்கு இரண்டு ஜோடிக் கையுறை, வெள்ளை மேலங்கி, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் கொடுத்தார்கள். அந்த அக்கா கையுறை போட்டிருந்தாரா என்று அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

அம்மாவைக் குறை சொல்வதாக யாரும் கமெண்டில் வர வேண்டாம். கடன் அவர் தலையில்தான் இருந்தது.

சுற்றுச்சூழல் பேச்சோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே ஊரில் வீட்டைக் காலி செய்தபோது, கார்ப்பெட்டில் 'சமையல் வாடை' என்று எழுதி முன்பணத்தில் 200 டாலரைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு வருஷமும் கடுகு தாளிக்கும்போதெல்லாம் குளிரோடு குளிராக ஜன்னலைத் திறந்து வைத்தவன் நான். எனக்கு முன்னால் இருந்தவன் வளர்த்த நாயின் வாடை யார் கணக்கு? கேட்டேன், பதில் இல்லை. நீங்களாவது குடிபோகும் அன்றைக்கே எல்லா அறையையும் படம் எடுத்து, தேதியோடு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

கேள்விக்கு வருகிறேன். போங்கள். செடி மேசை வேண்டாம், தார்ப்பாய்தான் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு யாரும் போட்டி போட மாட்டார்கள். நேர்முகத் தேர்வுகளில் என் ரெஸ்யூமேயின் அந்த வரியைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பழைய ஷூ போட்டுக்கொண்டு போங்கள், காபிக் கறை போகவே போகாது.